பத்துக் கெஜமும் பத்தாண்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டால், அதன் விழா மேடையில் தவறாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. விடாமுயற்சி என்பதே அச்சொல். மாலை சூட்டுகிறவரும் அதைச் சொல்கிறார்; மாலையை ஏற்கிறவரும் அதையே சொல்கிறார். பல கை மாறிய நாணயத்தில் முத்திரை தேய்ந்துபோவதுபோல, அந்தச் சொல்லின் பொருளும் தேய்ந்திருக்கிறது. அதைச் சற்றே உரைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

கரிசல் மண்ணில் அவ்வாறு உரைத்துப் பார்ப்பதற்குக் காரணமும் இருக்கிறது. இருவேறு செயல்களை இங்கே ஒரே பெயரால் புகழ்ந்து பழகியிருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில், மழைக்கு முன்பே விதையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் சம்சாரியின் செயல் ஒன்று. விடியுமுன் எழுந்து, உறக்கம் கலையாத கண்களோடு தீப்பெட்டி ஆலையின் வண்டியில் ஏறிய சிறுமியின் செயல் மற்றொன்று. முன்னவர் முயன்றார், பின்னவள் தாங்கினாள். முயலுதலும் தாங்குதலும் ஒன்றாகா. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பாடும் கவிதை, தன்னை அறியாமலே சுமையை ஏற்றியவருக்குத் துணைபோய்விடுகிறது.

வள்ளுவர் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தார். ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரம். அடுத்தடுத்து நின்றாலும் அவை தனித்தனி அதிகாரங்கள். அவர் அவற்றை வைத்த இடமும் கருதத்தக்கது. துறவறவியலில் வைக்காமல், பொருட்பாலில் அரசியல் என்னும் இயலின் கடைசி இரண்டு அதிகாரங்களாக வைத்தார். இறைமாட்சியில் தொடங்கும் அந்த இயல் இடுக்கண் அழியாமையில் முடிகிறது. அயராது முயலும் கடமையும், துன்பத்தில் நிலைகுலையாதிருக்கும் கடமையும் முதலில் ஆள்பவனிடமே கேட்கப்பட்டன என்று கொள்ள இதில் இடமுண்டு. பிற்காலத்தில்தான் அவை ஆளப்படுகிறவனுக்கு மட்டும் சொல்லப்படும் உபதேசமாகிவிட்டன.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் தொலைவிலுள்ள ஓர் ஆட்டத்தின் தொடக்க வரலாறு பெரிதும் உதவும். அது அமெரிக்கக் கால்பந்து. கோவில்பட்டியில் நின்றுகொண்டு அமெரிக்காவைப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பருத்தி இந்த இரு நிலங்களையும் முன்பே இணைத்துவிட்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்நாட்டுத் தென்பகுதிப் பருத்தி இங்கிலாந்துக்குப் போக முடியாமல் தடைப்பட்டது. அப்போது திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. அமெரிக்காவில் துப்பாக்கி முழங்கினால் இங்கே சம்சாரியின் வீட்டில் அடுப்பு எரியும், அங்கே அமைதி திரும்பினால் இங்கே கடன் ஏறும் என்ற நிலை அன்றே இருந்தது. அந்தப் போர் முடிந்து நான்காண்டுகளில், 1869 நவம்பர் 6ஆம் நாள், ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடிய ஆட்டத்தையே அமெரிக்கக் கால்பந்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம்.

இங்கே கால்பந்து என்றால் நினைவுக்கு வரும் ஆட்டம் அன்று அது. பந்து உருண்டையாக இராது. இருமுனையும் கூம்பி நீண்டிருக்கும். காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே மிகுதி. எதிரணியினர் ஓடுகிறவனை மறித்து வீழ்த்துவார்கள். வீழ்ந்த இடத்திலிருந்து ஆட்டம் மீண்டும் தொடங்கும். வீழ்வது அந்த ஆட்டத்தில் தோல்வி ஆகாது. அது ஆட்டத்தின் ஓர் உறுப்பு.

தொடக்கத்தில் அந்த ஆட்டத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பந்தைக் கையில் வைத்திருக்கும் அணி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். 1881இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது, முதல் பாதி முழுவதும் ஓர் அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டது. மறு பாதி முழுவதும் மற்ற அணி விடாமல் வைத்துக்கொண்டது. இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் சலிப்போடு திரும்பினார்கள். அங்கே விடாப்பிடி இருந்தது, முயற்சி இல்லை.

யேலைச் சேர்ந்த வால்டர் கேம்ப் என்பவரின் முனைப்பால் 1882இல் புதிய விதி வந்தது. மூன்று முறை முயலலாம். அந்த மூன்று முறைக்குள் ஐந்து கெஜமேனும் முன்னேற வேண்டும். இயலாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஐந்து கெஜத்தைக் கண்ணால் அளக்க வேண்டியிருந்ததால் களத்தில் சுண்ணாம்புக் கோடுகள் குறுக்கே வரையப்பட்டன. 1906இல் ஐந்து கெஜம் பத்துக் கெஜமாயிற்று. 1912இல் மூன்று முயற்சிகள் நான்காயின. பத்துக் கெஜத்தை எட்டிய அணிக்குக் கிடைப்பது வெற்றி அன்று. மீண்டும் நான்கு முறை முயலும் உரிமை. இன்றுவரை அந்த ஆட்டத்தின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

இந்த விதி சொல்லும் செய்தி எளியது. முயற்சிக்கு அளவு வேண்டும். எவ்வளவு முன்னேறினோம் என்று பார்க்க ஒரு கோடு வேண்டும். தோற்றால் அடுத்த முறைக்கு இடம் வேண்டும். வெறுமனே பிடித்துக்கொண்டிருப்பது முயற்சியாகாது.

கரிசல் சம்சாரி இதை எந்த விதிப்புத்தகத்திலும் படித்தவர் அல்லர். ஆனால் அவருடைய புழுதி விதைப்பில் இதே அறிவு இருக்கிறது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ, காலில் அப்பிக்கொண்டு ஏர் நடத்த விடாது. மண் பதத்துக்கு வரும்வரை காத்திருந்தால் மேல் ஈரம் போய்விடும். பின்னால் வருகிற மழையும் பொய்த்துவிட்டால் பயிர் பால்பிடிக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். ஆகவே மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிடுகிறார்கள்.

இதைக் கேட்பவர்களுக்குக் கண்மூடித்தனமான நம்பிக்கையாகத் தோன்றும். உண்மையில் அதற்குள் நுட்பமான கணக்கு இருக்கிறது. விதை மேலாக விழுந்தால், ஏமாற்றுத் தூறல் ஒன்றுக்கே முளைத்து, அடுத்த மழை வருமுன் கருகிவிடும். ஆகவே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைச் சேர்க்கிறார்கள். சிறு தூறலின் ஈரம் அந்த ஆழத்தை எட்டாது. 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற நல்ல மழை வந்தால்தான் விதை விழிக்கும். விதையை ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, வறட்சிக்குப் பழக்கி விதைக்கும் முறையும் உண்டு. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிச் சாகுபடியைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக ஆய்ந்துவருகிறது. சம்சாரியின் பட்டறிவும் நிலையத்தின் ஆய்வும் சேர்ந்து செப்பமான முறை இது.

பருத்தி போனாலும் உளுந்து நிற்கும், உளுந்து போனாலும் கம்பு கைகொடுக்கும் என்று ஒரே புஞ்சையில் பல பயிர்களைச் சேர்த்து விதைக்கும் வழக்கமும் இதைச் சார்ந்ததே. ஒரே வீச்சில் எல்லாவற்றையும் பணயம் வைக்காமல், ஒரு பருவத்துக்குள் மூன்று நான்கு முறை முயலும் வாய்ப்பை அவர் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொள்கிறார். பொய்த் தூறலுக்கு முளைக்காத ஆழத்தில் விதைப்பது கவிஞர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. முதல் பாராட்டுக்கே முளைத்துக் கருகிய கவிதைத் தொகுதிகள் தமிழில் குறைவல்ல.

முயற்சிக்கு அளவு வேண்டும் என்பது ஒரு பாதி உண்மை. அளவு வகுத்த விதியே ஆளைக் கொல்வதாக இருந்தால் என்ன செய்வது? மறு பாதி உண்மை இக்கேள்வியில் இருக்கிறது.

கேம்ப்பின் விதிக்குப் பிறகு, அமெரிக்க ஆட்டம் வேறொரு முரட்டு வழியில் இறங்கியது. ஐந்து கெஜத்தைப் பிடிக்க, வீரர்கள் கைகோத்து ஆப்புபோல ஒன்றுசேர்ந்து எதிரணியின் ஒரே ஓர் ஆளின்மீது மோதினார்கள். விலா எலும்புகள் நொறுங்கின, கழுத்துகள் முறிந்தன. 1905ஆம் ஆண்டின் ஆட்டக் காலத்தில் மட்டும் 18 பேரேனும் மாண்டதாக அன்றைய பத்திரிகைக் கணக்கு கூறுகிறது. மாண்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அப்போதும் அதை ஆண்மை என்றும் உறுதி என்றும் புகழ்ந்தவர்கள் இருந்தார்கள். வலியைப் பொறுத்துக்கொள்கிறவனே வீரன் என்று மேடைகளில் முழங்கினார்கள்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் அந்த ஆட்டத்தை விரும்பியவர். அவரே அவ்வாண்டு அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. 1906இல் விதிகள் மாறின. பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாம் என்ற புது வழி அனுமதிக்கப்பட்டது. அதுவரை உடலோடு உடல் மோதிய இடத்தில், பந்து வானில் பறக்கத் தொடங்கியது. அந்த ஒரு மாற்றம் போதவில்லை. 1909இல் மரணங்கள் மீண்டும் பெருகின. 1910இல் கைகோத்து மோதுவது தடுக்கப்பட்டது. 1912இல் நான்காவது முயற்சி சேர்க்கப்பட்டது. விதியைத் திருத்துவதிலும் விடாமுயற்சி வேண்டியிருந்தது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். ஆட்டத்தைக் காப்பாற்றியது வீரர்களின் பொறுமையன்று. பொறுக்கலாகாது என்று முடிவெடுத்தவர்களின் பிடிவாதம்.

இப்போது கரிசலுக்குத் திரும்பலாம். மழை பொய்த்த வட்டாரத்துக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது வரலாற்றில் ஒரு திருப்பம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பினார்கள். பின்னர் அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி எங்கும் பரவியது. காய்ந்த வானிலை குச்சியும் மருந்தும் உலர்வதற்கு ஏற்றது. பயிருக்குப் பகையான வெயில் தீப்பெட்டிக்கு நண்பனாயிற்று. பஞ்ச காலங்களில் எத்தனையோ குடும்பங்களை அத்தொழில் பட்டினியிலிருந்து காத்தது. அதை மறுப்பது நன்றிகேடு.

ஆனால் அதற்குக் குழந்தைகள் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. விடியுமுன் கிராமம் கிராமமாக வண்டிகள் வந்தன. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத விரல்கள் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கின. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பை அபாயத் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அபாயத் தொழிலில் குழந்தையை வைத்திருந்தவர் அக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த இடைக்காலத்தில் குழந்தைகளின் சுறுசுறுப்பையும் குடும்பத்துக்காக அவர்கள் காட்டிய தியாகத்தையும் மெச்சிப் பேசியவர்கள் இருந்தார்கள். 1905இல் அமெரிக்காவில் வலியை வீரமென்று மெச்சியவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு சிறிதே.

கோவில்பட்டி அருகே ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி அந்த மெச்சுதலில் சேரவில்லை. அவர் 1990களில் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம், தீப்பெட்டித் தொழிலில் கரைந்த குழந்தைகளின் வாழ்வை நேராகப் பார்த்தது. தாங்குகிறவர்களைப் போற்றிப் பாடுவதை விட்டு, அவர்கள் ஏன் தாங்க நேர்ந்தது என்று கேட்ட படைப்பு அது. கரிசல் எழுத்தின் பெருமை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விதியை மாற்றுவது வாழ்வுக்கு மட்டும் உரியதன்று, எழுத்துக்கும் உரியது. இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தவர் அல்லர். இளமையில் காச நோய் அவரை வாட்டியது. புஞ்சையில் உழுதார்; விவசாயிகளின் போராட்டங்களில் பங்கேற்றுச் சிறை சென்றார். முப்பது வயதைக் கடந்த பிறகே, 1950களின் இறுதியில், ‘சரஸ்வதி’ இதழில் அவருடைய கதை வெளிவந்தது. இவையெல்லாம் அவருடைய தாங்குதல். அவருடைய முயற்சி வேறு. ஊரார் பேசுகிற மொழி எழுத்தில் ஏறலாகாது என்று தமிழ் உரைநடைக்கு இருந்த எழுதாத விதியை அவர் மாற்றினார். மாற்றியதோடு நில்லாமல், அந்தச் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். பல்கலைக்கழகத் துறையொன்று செய்ய வேண்டிய பணி அது. ஒரு சம்சாரி, நண்பர்கள் துணையோடு அதைச் செய்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். 2021 மே மாதம் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார்.

சொல்லைக் காப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை, அதே அமெரிக்க ஆட்டத்தின் மிகத் துயரமான பக்கம் ஒன்று உணர்த்துகிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் ஊரில் 1879 முதல் 1918 வரை ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. பழங்குடி மக்களின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசுவது தடைசெய்யப்பட்டது. அந்தப் பள்ளியின் கால்பந்து அணி, நாட்டின் பெரும் கல்லூரிகள் பலவற்றை வென்றது. எதிரணியினரைவிட உருவில் சிறியவர்கள் என்பதால், மோதலை விட்டு விரைவையும் சூழ்ச்சியையும் நம்பினார்கள். 1906இன் புதிய விதியை, முன்னோக்கி எறிவதை, முதலில் திறம்படக் கையாண்ட அணிகளில் அதுவும் ஒன்று. 1912 நவம்பர் 9ஆம் நாள், அமெரிக்கப் படைத்துறைக் கல்லூரி அணியை 27க்கு 6 என்று அது வீழ்த்தியது. பழங்குடியினரோடு போரிட்ட படையின் கல்லூரி அது என்பதை அந்த இளைஞர்கள் அறிந்தே ஆடினார்கள்.

அந்த அணியின் தலைசிறந்த வீரர் ஜிம் தார்ப். அதே 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களை வென்றவர். முன்பு சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று காட்டி, 1913இல் அப்பதக்கங்களைப் பறித்தார்கள். 1953இல் அவர் இறந்தார். இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், கூட்டு வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டார்கள். 2022இல்தான் தனி வெற்றியாளர் என்று பதிவு திருத்தப்பட்டது. வென்ற நாளிலிருந்து எண்ணினால் 110 ஆண்டுகள். அந்த நீதிக்கு விடாது போராடியவர்கள் அவருடைய பிள்ளைகளும் பிறரும். ஒருவரின் முயற்சியை அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் தொடரலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் பதக்கம் திரும்பியதுபோல் மொழி திரும்பவில்லை. கார்லைலில் நாவிலிருந்து பறிக்கப்பட்ட சொற்கள் பல அங்கேயே மடிந்தன. கி.ரா.வின் சொல்லகராதியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

1912ஆம் ஆண்டு தமிழுக்கும் மறக்கலாகாத ஆண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, அப்போது புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்தார். ‘இந்தியா’ பத்திரிகை நின்றுபோயிருந்தது, வருவாய் இல்லை, ஒற்றர்களின் கண்காணிப்பு இருந்தது. அந்த ஆண்டில்தான் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் அச்சேறியது. பத்திரிகை என்ற வழி அடைபட்டபோது காவியம் என்ற வழியைத் திறந்தவர் அவர். இதுவும் மோதலை விட்டுப் பந்தை வானில் எறிந்த செயலே.

ஆயினும் பாரதியின் பிற்கால முயற்சி ஒன்று தோற்றது. 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட அவர் திட்டமிட்டார். தமிழர் வீடுகளில் தீப்பெட்டியைப்போல் அவை சாதாரணமாகப் பரவும் என்று நம்பினார். நண்பர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் கடனுதவி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். தோற்றது திட்டத்தின் குறையாலா? அன்றைய தமிழ்நாட்டில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் இருந்திருந்தால் அந்த விதை முளைத்திருக்காதா? இக்கேள்வி ஒவ்வொரு இலக்கிய அமைப்பின் முன்னும் நிற்கிறது.

முயற்சி நிலைக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பதை இது காட்டுகிறது. அது பலர் உடைமையாதல். இதற்கும் அந்த ஆட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1920இல் ஒகாயோ மாநிலத்தின் கான்டன் நகரில், மோட்டார் வண்டி விற்பனைக் கூடம் ஒன்றில் கூடி, ஊதியம் பெற்று ஆடும் அணிகளுக்கான சங்கத்தை அமைத்தார்கள். ஜிம் தார்ப்பே அதன் முதல் தலைவர். தொடக்கத்தில் அதில் சிற்றூர் அணிகள் பல இருந்தன. கான்டனின் அணியே 1926க்குப் பின் இல்லாமற்போயிற்று. போர்ட்ஸ்மவுத் என்னும் ஊரின் அணி 1934இல் டெட்ராய்ட் பெருநகருக்கு விற்கப்பட்டது. நிலைத்த சிற்றூர் அணி ஒன்றே ஒன்று. அது விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே.

இறைச்சி பதனிடும் நிறுவனம் ஒன்று கொடுத்த பணத்தில் சட்டைகளை வாங்கி 1919இல் தொடங்கிய அணி அது. 1922இல் மழை பெய்து பெய்து பார்வையாளர் வராமல் கடனில் மூழ்கியது. கரிசலை மழையின்மை கொன்றது; கிரீன் பேயை மழை கொல்லப் பார்த்தது. ஊரார் கூடினார்கள். 1923இல் ஐந்து டாலருக்கு ஒரு பங்கு என்று விற்று அணியை ஊருடைமை ஆக்கினார்கள். பங்குக்கு இலாபம் கிடையாது. 1935இலும் 1950இலும் நெருக்கடி வந்தது. மீண்டும் பங்கு விற்றார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் அந்த ஊரின் அணிக்கு இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஆதாயமில்லாத பங்கை ஏன் வாங்குகிறார்கள்? ஆட்டம் ஊரைவிட்டுப் போகாதிருப்பதே அவர்கள் பெறும் ஆதாயம்.

சிற்றூர் பெரிய ஆட்டத்தைத் தாங்கும் என்பதைக் கோவில்பட்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செயற்கைப் புல்தளம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, கட்டாந்தரையில் ஹாக்கி மட்டையைப் பிடித்த ஊர் இது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இந்திய அணியில் இடம்பெற்றார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தி. இந்தியா வெண்கலம் வென்றது. அந்த ஒரு கோலுக்குப் பின்னால், பேர் தெரியாத உடற்கல்வி ஆசிரியர்களும், மட்டையைத் தம்பிக்குக் கொடுத்துச் சென்ற அண்ணன்களும் தலைமுறைகளாக நிற்கிறார்கள். அவர்களும் இலாபம் கேளாத பங்குதாரர்களே.

பாரதியின் எழுத்துக்கும் இறுதியில் அந்த வழிதான் கிடைத்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய பதிப்புரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்கள் உடைமையாயிற்று. 1920இல் கடன் கேட்டுக் கிடைக்காத பிரதிகள், அதன்பின் கணக்கின்றி அச்சாயின. ஆனால் அதைப் பார்க்கப் பாரதி இல்லை. ஊர் கூடுவதற்குத் தாமதமானால் கவிஞன் இருக்கமாட்டான் என்பது இதன் கசப்பான பகுதி.

இலக்கிய வட்டத்தின் பொறுப்பு இங்கே தெளிவாகிறது. மாதம் ஒரு கூட்டம், ஆளுக்கொரு சிறு சந்தா, பத்துப் பேர் கேட்க ஒருவர் தம் புதிய கவிதையைப் படிப்பது என்னும் இவை சிறியனவாகத் தோன்றலாம். ஐந்து டாலர் பங்கும் சிறியதுதான். வறுமையில் எழுதுகிறவரை விழா நாளில் தியாகி என்று புகழ்வது எளிது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நூலை அச்சிட்டு, விலை கொடுத்து வாங்கி, படித்துக் கருத்துரைப்பது கடினம். முன்னது தாங்குதலைப் பாராட்டுவது. பின்னது முயற்சியில் பங்கேற்பது. வட்டம் என்ற சொல்லுக்கு இரண்டாவதே தகும்.

கவிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கரிசலின் வெடிப்பையும் வேலிக்கருவையையும் காய்ந்த கண்மாயையும் எழுதுங்கள், எழுதாமல் முடியாது. ஆனால் அந்த வெடிப்பில் நிற்கிற மனிதரின் பொறுமையை அழகுபடுத்தி நிறுத்திவிடாதீர்கள். அவர் எத்தனை ஆழத்தில் விதைத்தார், எந்தத் தூறலுக்கு ஏமாறாமல் இருந்தார், எந்த விதி அவரை வீழ்த்தியது, அதை மாற்ற யார் முயன்றார்கள் என்பதும் கவிதைக்குரிய பொருளே. அங்கேதான் விடாமுயற்சி என்ற சொல்லின் தேய்ந்த முத்திரை மீண்டும் தெளிகிறது.

பத்தாண்டு நிறைவை வெற்றி விழா என்று அழைப்பது வழக்கம். பத்துக் கெஜத்தை எட்டிய அணி களத்தைவிட்டு வெளியேறுவதில்லை. கோடு புதிதாக வரையப்படுகிறது, முதல் முயற்சி மீண்டும் தொடங்குகிறது. இந்த வட்டம் பெற்றிருப்பதும் அந்த உரிமையே. புரட்டாசிப் புழுதி காத்திருக்கிறது. விதைக்கலாம்.